பந்தலில் எழுதிய பெயர்

பண்ருட்டியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவனுக்கு ஊரின் பெயரை யாரும் சொல்ல வேண்டியதில்லை. வைகாசி மாதமாக இருந்தால் மூக்கே சொல்லிவிடும். லாரியில் பலா, தள்ளுவண்டியில் பலா, சாக்கு விரித்த தரையில் பலா. கத்திக்கு எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளப்பவரின் விரல்களில் பலாப் பால். நடுவே, கண்ணாடி ஜாடிகளில் வெள்ளை வெளேரென்று முந்திரிப் பருப்பு.

போன வைகாசியில் நான் அங்கே இறங்கியது சுளை தின்பதற்காக அல்ல. சிநேகிதர் ஒருவரின் வீட்டில் ஒரு சேதம் நேர்ந்திருந்தது. உயிருக்குச் சேதமில்லை, பணத்துக்கும் பெரிய சேதமில்லை. பெயருக்குத்தான் சேதம்.

சிநேகிதர் முந்திரி வியாபாரி. பெரிய வியாபாரி என்று சொல்ல முடியாது. ரஸ்தா ஓரத்தில் ஒரு கடை. வீட்டின் பின்கட்டில் கொட்டை உடைக்கிற கொட்டகை. அதில் ஏழெட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். கடைக்குத் தம் தாயாரின் பெயரை வைத்திருக்கிறார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், படிக்கிற நீங்கள் கைப்பேசியில் அதைத் தட்டிப் பார்ப்பீர்கள். தட்டினால் இன்று வருவது சூதாட்டக் கடை. அதுதான் நேர்ந்த சேதம்.

"அண்ணே, நான் கடையை விக்கலை. நிலத்தை விக்கலை. எங்க அம்மா பேரை மட்டும் எவனோ எடுத்துக்கிட்டுப் போயிட்டான்" என்றார் சிநேகிதர்.

நடந்தது இதுதான். ஆறு வருஷங்களுக்கு முன்னால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து, "உங்கள் கடைக்கு ஓர் இணையதளம் போட்டுத் தருகிறேன்" என்றார். சிநேகிதரும் பணத்தைக் கொடுத்தார். தளம் வந்தது. படங்கள் வந்தன. தீபாவளிக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் ஆர்டர்கள் வந்தன. பெயருக்கு வருஷா வருஷம் கட்ட வேண்டிய தொகை உண்டு என்பதும், அந்தப் பெயர் யாருடைய பதிவில் இருக்கிறது என்பதும் சிநேகிதருக்குத் தெரியாது. அது தளம் போட்டவரின் பெயரில் இருந்தது. நினைவூட்டும் கடிதங்கள் எல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்கே போயின. அந்த மனிதரோ தொழிலை விட்டுவிட்டு, தொலைபேசி எண்ணையும் மாற்றிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். கெடு தாண்டிற்று; பெயர் பொதுவுக்கு வந்தது; கண்கொத்திப் பாம்பாய்க் காத்திருந்த யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

கதை எழுதுகிறவனிடம் ஒரு துர்க்குணம் உண்டு. ஆறுதல் சொல்லப் போன இடத்திலும் ஆதி அந்தம் விசாரிப்பான். ஒருவருடைய பெயர் எப்படி இன்னொருவர் வாடகைக்கு விடுகிற பொருளாயிற்று? எப்போது ஆயிற்று? பண்ருட்டியிலிருந்து திரும்பி வந்து இதையே சில வாரங்கள் துருவிக்கொண்டிருந்தேன். சிறு வியாபாரம் ஒன்றுக்கு இணையதளம் தொடங்க எண்ணுகிறவர்களுக்கு அந்தச் சரித்திரம் பிரயோஜனப்படலாம்.

முதலில் பண்ருட்டியிலேயே தொடங்குவோம்.

சிநேகிதரோடு மறுநாள் காலை திருவதிகை கோயிலுக்குப் போயிருந்தேன். கெடிலக் கரையிலே, ஊரை ஒட்டினாற்போல இருக்கிறது வீரட்டானம். பக்கத்திலுள்ள திருவாமூரில் பிறந்தவர் அப்பர் சுவாமிகள். பெற்றோர் இட்ட பெயர் மருள்நீக்கியார். சமணத்தில் சேர்ந்தபோது தருமசேனர். சூலை நோயோடு தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்து, இந்தத் திருவதிகையில் பாடியபோது கிடைத்த பெயர் திருநாவுக்கரசர். ஒரே மனிதருக்கு மூன்று பெயர்கள், நின்றது மூன்றாவது.

அவரைப் பற்றிய ஒரு கதையைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்கிறார். தஞ்சைச் சீமையில் திங்களூர் என்று ஓர் ஊர். அங்கே அப்பூதியடிகள் என்ற அந்தணர். அவர் திருநாவுக்கரசரைக் கண்ணால் கண்டதில்லை. பெருமையைக் கேள்விப்பட்டதோடு சரி. கல்லைக் கட்டிக் கடலில் தள்ளியும் அந்தக் கல்லே தெப்பமாக வந்து திருப்பாதிரிப்புலியூரில் கரையேறிய மகான் என்று கேட்டதுமே மனத்தைப் பறிகொடுத்துவிட்டார். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர். பசுவுக்கும் எருமைக்கும் அந்தப் பெயர். வீட்டிலுள்ள அளவைகளுக்கும் தராசுக்கோலுக்கும்கூட அந்தப் பெயர். ஊர் வழியே போகிறவர்களுக்காகத் தண்ணீர்ப் பந்தல் வைத்து, அதிலும் அந்தப் பெயரையே எழுதினார்.

ஒரு நாள் திருநாவுக்கரசரே அந்த வழியாக வருகிறார். பந்தலில் தம் பெயரைக் காண்கிறார். யார் வைத்தது என்று விசாரிக்கிறார். வீடு தேடிப் போய், "உம்முடைய பெயரை எழுதாமல் வேறொரு பெயரை ஏன் எழுதினீர்?" என்று கேட்கிறார். அப்பூதியடிகளுக்குக் கோபம் வந்துவிடுகிறது.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு வியாபாரியின் கண்ணால் இந்தக் கதையைப் பாருங்கள். வழிப்போக்கன் வருகிறான், பந்தலைப் பார்க்கிறான், பெயரைப் படிக்கிறான், அதைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறான். எழுதிய பெயருக்கு அவ்வளவு சக்தி உண்டு. அப்பூதியடிகள் தம் பந்தலில் பிறர் பெயரை அன்பினால் எழுதினார். நம் சிநேகிதருக்கு நடந்தது இதற்கு நேர்மாறு: இவருடைய பெயரைத் தாங்கிய பந்தல் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

இனி நம் காலத்துக்கு அருகில் வருவோம். ஒரு சிறு வியாபாரி, தம் முகத்தைப் பார்த்திராத ஒருவருக்குச் சரக்கு விற்பது இணையம் கொண்டுவந்த அதிசயமல்ல. 1877-ல் இந்தியத் தபால் இலாகா வி.பி.பி. முறையைத் தொடங்கிற்று. பார்சலைத் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார், பணத்தை வாங்கிக்கொள்வார், அது வியாபாரிக்கு வந்து சேரும். வாங்குகிறவனுக்கு முன்பணம் போகுமோ என்ற பயமில்லை. விற்கிறவனுக்கு ஊர் ஊராகக் கடை திறக்கிற செலவில்லை. மருந்து, கடிகாரம், வாசனைத் தைலம், புத்தகம் என்று எத்தனையோ சாமான்கள் இப்படித் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குள் நுழைந்தன. எஸ்.எஸ். வாசன்கூட 1928-ல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன்னால், தபால் மூலம் சாமான்கள் விற்றும் விளம்பரத் தொழில் பார்த்தும் அனுபவப்பட்டவர்தாம்.

பழைய பத்திரிகைகளில் இத்தகைய விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டங்குல இடத்தில் என்ன சரக்கு, என்ன விலை, தபால் செலவு யாருடையது என்பதெல்லாம் அடங்கியிருக்கும். கடைசி வரியில் விலாசம். மற்ற எதில் கஞ்சத்தனம் பண்ணினாலும் விலாசத்தில் பண்ண மாட்டார்கள். அது தப்பினால் மற்றதெல்லாம் வீண். இணையதளத்துக்கும் அடிப்படை இதுதான்: சரக்கு, விலை, அனுப்புகிற விதம், விலாசம். தொழில் மாறிற்று, தேவை மாறவில்லை.

விலாசம் மட்டும் ஒரு விஷயத்தில் மாறிற்று. தெருப் பெயரையும் கதவு எண்ணையும் யாரும் வியாபாரியிடமிருந்து வாங்கிக்கொண்டு போக முடியாது. இணையத்தில் முடியும். ஏன் என்று தெரிந்துகொள்ள அமெரிக்கா வரை போய்வர வேண்டும்.

1970-களில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஓர் எண் இருந்தது. எண்ணை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? ஆகவே பெயர்கள் வைத்தார்கள். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற அடங்கலைக் கலிபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற அம்மாளும் அவருடைய குழுவினரும் வைத்திருந்தார்கள். நம்மூர்க் கர்ணம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பெயர் வேண்டுமானால் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். யந்திரங்கள் பெருகப் பெருக ஒரே அடங்கல் தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், அடங்கலைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டை வகுத்தார். அதிலிருந்து வந்ததுதான் டாட் காம், டாட் இன் என்று நாம் சொல்கிற டொமைன் பெயர் முறை.

முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச் 15 அன்று பதிவாயிற்று. பதிந்தது சிம்பாலிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி. அந்த வருஷம் முழுவதிலும் பதிவான டாட் காம் பெயர்கள் ஆறே ஆறு. அப்போது பெயருக்குக் காசு கிடையாது. கேட்டவருக்குக் கேட்ட பெயர். இப்படியே பத்து வருஷங்கள் ஓடின. 1995 செப்டம்பரில் பதிவு வேலையைச் செய்துவந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் கம்பெனி, இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் என்று கட்டணம் விதித்தது. பெயர் வாடகைப் பொருளானது அன்றைக்குத்தான்.

வாடகை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் உபயோகிக்கிறேன். கடைக்காரர்கள் "டொமைன் வாங்கினேன்" என்று சொல்கிறார்கள். அப்படி யாரும் வாங்க முடியாது. ஒரு வருஷத்துக்கு எடுக்கலாம். அதிகபட்சம் பத்து வருஷத்துக்குச் சேர்த்து எடுக்கலாம். பிறகு புதுப்பிக்க வேண்டும். டாட் காம் பெயர் கெடு தாண்டினாலும் உடனே பறிபோய்விடாது. பொதுவாகச் சில வாரங்கள் பழைய கட்டணத்திலேயே மீட்கலாம். அப்புறம் 30 நாட்கள் அபராதத்தோடு மீட்கலாம். அதற்கப்புறம் ஐந்தே நாட்கள். பின்னர் முதலில் வருகிறவருக்குப் பெயர். நம் சிநேகிதருக்கு இத்தனை வாசல்களும் திறந்திருந்தன. அவை திறந்திருப்பதாகச் சொன்ன கடிதங்கள் மட்டும் அவர் கைக்கு வரவில்லை.

பெயருக்குப் பிறகு பக்கம். அதை நமக்குக் கொடுத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர். ஸ்விட்ஸர்லாந்தில் செர்ன் என்ற அணு ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் வேலை பார்த்தவர். விஞ்ஞானிகளின் குறிப்புகள் ஆளுக்கொரு யந்திரத்தில் அகப்பட்டுக் கிடந்தன. அவற்றைக் கோத்து வைக்க 1989-ல் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தார். அடுத்த வருஷக் கடைசியில் உலகத்தின் முதல் இணையதளம் அவர் மேஜைமேல் இருந்த யந்திரத்தில் ஓடிற்று. யாராவது அதை நிறுத்தித் தொலைத்துவிடப் போகிறார்களே என்று, மின்சாரத்தை அணைக்காதீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டிவைத்தாராம். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும், தளம் ஒன்றுக்கு இடம் வேண்டும், அந்த இடத்தில் இரவும் பகலும் விளக்கு எரிய வேண்டும் என்ற பாடம் அந்தச் சீட்டிலேயே இருக்கிறது. 'ஹோஸ்டிங்' என்று இன்று பணம் வாங்குவது அந்த விளக்குக்காகத்தான்.

1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஸ்தாபனம், இந்த முறையை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் உபயோகிக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. ஆகவே கணக்கு இப்படி நிற்கிறது: சாலை இலவசம், பெயருக்கு வாடகை, வீட்டுக்கு வாடகை. மூன்றும் தனித்தனி. மூன்றையும் ஒருவரிடமே ஒப்படைத்துவிட்டு, எது எதற்குப் பணம் கொடுத்தோம் என்று கேட்காமலிருப்பதில்தான் சிறு வியாபாரிகள் ஏமாறுகிறார்கள்.

இந்தியாவுக்கு இந்தச் சாலை வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கிற்று. ஆரம்பித்த நகரங்களில் சென்னையும் ஒன்று. தொலைபேசிக் கம்பியிலே கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு, ஆமை வேகத்தில் ஊர்ந்து வரும். 1998-ல் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. முதலில் இறங்கிய தனியார் கம்பெனி சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே. 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்து, மின்னணுப் பத்திரங்களும் செல்லுபடியாகும் என்றது. 2002-ல் ரயில் டிக்கெட்டை இணையத்தில் விற்க ஆரம்பித்தார்கள். கண்ணால் காணாத கடையில் பணத்தைக் கட்டலாம் என்ற தைரியத்தை நம்மவர்களுக்குக் கொடுத்ததில் அந்த டிக்கெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

தமிழ் எழுத்தின் பிரவேசமும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் ஏற்றிய ஒரு தளம் திறக்கப்பட்டது. அதில் தமிழும் இருந்தது. தமிழைத் திரையில் வரவழைக்கப் பாடுபட்டவர் நா. கோவிந்தசாமி என்ற எழுத்தாளர். சிறுகதை எழுதிய கை, எழுத்துருவும் செய்தது என்பதில் என் போன்றவர்களுக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் வெகு நாட்கள் வரையில் ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் எழுதியது இன்னொருவர் வீட்டில் கோழி கிளறினாற்போலத் தெரியும். 1999-ல் சென்னையில் மாநாடு கூடி விசைப்பலகைக்குத் தமிழ் 99 என்று ஒரு தரம் வகுத்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இன்று முந்திரிக் கடைக்காரர் ஒருவர் தமிழிலேயே தம் சரக்கை வர்ணித்தால், அமெரிக்காவிலுள்ள மருமகளும் அதைத் தமிழாகவே படிக்கலாம்.

தளத்தில் எதைப் போடுவது? இதற்கும் ஒரு தமிழர் கதை இருக்கிறது. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன முருகவேல் ஜானகிராமன், 1997 வாக்கில் தமிழர்களுக்காக ஒரு தளம் தொடங்கினார். பண்டிகை எப்போது, நல்ல நாள் எப்போது என்று நாள்காட்டி போட்டார். ஓர் ஓரத்தில் வரன் பகுதியும் வைத்தார். வந்தவர்கள் அதிகமாகப் போனது வரன் பகுதிக்குத்தான். அவர் அதைக் கவனித்தார். அந்த ஓரமே வளர்ந்து பாரத் மேட்ரிமோனி ஆயிற்று. நாம் அழகென்று நினைத்து வைக்கிற பக்கம் ஒன்று. ஜனங்கள் தேடி வருகிற பக்கம் இன்னொன்று. தொடங்குகிறவர் முதல் நாளே மாளிகை கட்ட வேண்டியதில்லை. ஒரு பக்கம் போதும். வருகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

இப்போது பெயருக்கே திரும்புவோம். சத்யம் இன்ஃபோவே என்றேன் அல்லவா? அவர்கள் தங்கள் இரண்டு சொற்களிலிருந்தும் எழுத்துகளைப் பொறுக்கி 'சிஃபி' என்று ஒரு பெயரை உண்டாக்கி, 1999-ல் அதை வைத்து டொமைன் பெயர்கள் பதிந்திருந்தார்கள். 2001-ல் 'சிஃபிநெட்' என்று காதுக்கு அதே போல ஒலிக்கும் பெயரில் வேறொரு கம்பெனி வந்தது. வழக்கு பெங்களூர் சிவில் கோர்ட்டில் தொடங்கிற்று. அங்கே சத்யத்துக்குச் சாதகம். கர்நாடக ஹைகோர்ட்டில் பாதகம். சுப்ரீம் கோர்ட்டில் 2004 மே மாதம் மறுபடியும் சாதகம். டொமைன் பெயர் யந்திரத்தின் வெறும் விலாசம் மட்டுமல்ல, வியாபாரியை அடையாளம் காட்டுகிற பெயரும்கூட; வியாபாரச் சின்னத்துக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். இந்த நாட்டில் இந்த விஷயத்தில் வழிகாட்டியான தீர்ப்பு அது.

இதைச் சிநேகிதரிடம் சொன்னபோது அவர் நியாயமாகவே கேட்டார்: "அண்ணே, அவங்க கம்பெனி. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போவாங்க. நான் கடலூர் கோர்ட்டுக்குப் போய்வரவே ஒரு நாள் கடையைச் சாத்தணும்."

அவர் சொன்னதில் பண்ருட்டியின் கஷ்டமே அடங்கியிருக்கிறது. இந்த ஊரின் பெயருக்கு மகிமை உண்டு. பிரேசில் நாட்டுச் செடியான முந்திரியைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தச் செம்மண் அதைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டது. பலாவோ பூர்வீகக் குடி. ஆனால் 'பண்ருட்டிப் பலா' என்று பட்டணத்தில் கூவுகிறவனுக்குப் பண்ருட்டி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். ஊர்ப் பெயர் விற்கிறது. உழைத்தவன் பெயர் தெரிவதில்லை. 2025-ல் பண்ருட்டிப் பலாவுக்கும் பண்ருட்டி முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான், கண்டவர்களெல்லாம் ஊர்ப் பெயரைச் சொல்வதைச் சட்டம் தடுக்கும். ஆனால் அந்தப் பெயர் ஊராருக்குப் பொது. தனித்தனிக் கடைக்காரனின் நாணயத்தை அது சொல்லாது. அதை அவனவன் பெயர்தான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் கவனித்தேன். புவிசார் குறியீட்டையும் பத்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வியாபாரச் சின்னத்தையும் அப்படியே. ஊரின் பெயரானாலும் ஒருவரின் பெயரானாலும் அசிரத்தையாக இருந்தால் நிலைக்காது என்று சட்டமே வைத்துவிட்டது.

சிநேகிதரின் தாயார் பெயருக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று நான் இன்னும் சொல்லவில்லை. கணவர் இறந்தபின் அந்த அம்மாள் பிறர் கொட்டகையில் கொட்டை உடைத்தவர். முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் வெந்து கறுத்துப்போகும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள். அப்படியும் விரல் தப்பாது. அப்படிச் சேர்த்த பணத்தில் ஒரு சிறு தோப்பு வாங்கினார்கள். 2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிற்று. தோப்பில் நின்ற மரங்களை எண்ணுவதற்கு ஒரு கையே போதுமாயிருந்தது. மறுபடியும் அந்த அம்மாள் கொட்டை உடைத்தார். மகன் மற்றவர் கொட்டையை வாங்கி வியாபாரம் தொடங்கினார். எஞ்சியிருந்த முதல் பெயர் ஒன்றுதான். அதையே கடைக்கு வைத்தார். அந்தப் பெயரில் இன்று சூதாட்டம் நடக்கிறது.

பெயர்த் தகராறுகளைக் கோர்ட்டுக்குப் போகாமலே மத்தியஸ்தர்களிடம் கொண்டுபோக ஏற்பாடுகள் உண்டு. சிநேகிதர் யோசித்தார். அதற்கும் கட்டணம் உண்டு. வக்கீல் செலவு வேறு. கடைசியில் போனது போகட்டும் என்று, அம்மாவின் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து, டாட் இன்னில் புதுப் பெயர் எடுக்க முடிவு செய்தார். டாட் இன் பெயர்கள் 2005-க்கு முன்னால் சாமானியர்களுக்கு எளிதில் கிடைத்ததில்லை, விதிகள் கடுமை. அந்த வருஷம் கதவைத் திறந்துவிட்டார்கள். இப்போது ஒரு வருஷ வாடகை, ஒரு கிலோ நல்ல முந்திரிப் பருப்பின் விலையைத் தாண்டுவது அபூர்வம். அந்த ஒரு கிலோவைத்தான் அவர் ஆறு வருஷங்களாக அடுத்தவர் பொறுப்பில் விட்டிருந்தார்.

இந்தத் தடவை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பதிவு சிநேகிதரின் சொந்தப் பெயரில். மின்னஞ்சல் அவருடையது. கைப்பேசி எண் அவருடையது. கடவுச்சொல்லை அவரே வைத்தார். பெயரை ஓரிடத்திலும் தளத்துக்கு இடத்தை இன்னோரிடத்திலும் எடுத்தார். பக்கம் கட்டித் தர ஒரு பையன் வந்தான், கெட்டிக்காரன். அவனுக்கு வேலைக்கான சாவியைக் கொடுத்தார். வேலை முடிந்ததும் சாவியை மாற்றிக்கொண்டார். பையன் கோபித்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் இப்படி இருந்தா எனக்கும் நிம்மதி சார்" என்றான்.

பக்கத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார்கள். நான் அலங்காரமாக நாலு வரி எழுதினேன். சிநேகிதர் அதைப் படித்துவிட்டு, மரியாதையாக அடித்துவிட்டார். அவர் எழுதியது வேறு. டபிள்யூ 320 என்று பெட்டியில் போட்டிருந்தால் ஒரு ராத்தலுக்குச் சுமார் 320 பருப்பு நிற்கும் என்று அர்த்தம்; டபிள்யூ 180 என்றால் அதே ராத்தலுக்கு 180-தான், ஆகவே பருப்பு பெரியது, விலையும் பெரியது; பாயசத்துக்கு உடைத்த பருப்பே போதும், முழுப் பருப்புக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். இவ்வளவுதான். கூடவே விலை, தபால் செலவு, எத்தனை நாளில் வந்து சேரும், கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வோம் என்ற நாலு விஷயங்கள். இருபது வருஷமாகக் கதை எழுதுகிற நான், வாங்குகிறவனுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை அன்று ஒரு முந்திரிக்காரரிடம் கற்றுக்கொண்டேன்.

தளம் தயாரானதும் கைப்பேசியை அம்மாளிடம் கொண்டுபோனார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். கறுத்த விரலைத் திரையின்மேல் வைத்து, தம் பெயரை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திப் படித்தார்.

"மறுபடி எவனாச்சும் எடுத்துக்கிட்டா?" என்றார்.

"அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டியிருக்கேம்மா. நம்ம பேர்லயே இருக்கு."

"ரசீது?"

ரசீது மின்னஞ்சலில் இருக்கிறது என்று மகன் விளக்கப் பார்த்தார். அம்மாள் ஒப்பவில்லை. என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க தம்பி. கையில இல்லாத ரசீது ரசீதா?" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. சிநேகிதர் ரஸ்தாவிலிருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போய், அந்தக் காகிதத்தை அச்சடித்துக் கொண்டுவந்தார். அம்மாள் தகரப் பெட்டியைத் திறந்தார். தோப்பின் பட்டா இருந்த உறைக்குள் அதை மடித்து வைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.